பழைய ஸ்போர்ட்ஸ் பைக்: அறிகுறியைக் கண்டு காரணத்தைப் பிடிக்கும் முறை

150 முதல் 250 சி.சி. வரையுள்ள, ஃபேரிங் எனும் பிளாஸ்டிக் உறை மூடிய பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றைக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் வாங்கப் போகிறவருக்கானது இந்த வழிமுறை. யமஹா ஆர்15, கே.டி.எம். ஆர்.சி. 200, பல்சர் ஆர்.எஸ். 200, ஹோண்டா சி.பி.ஆர். 150, சுசுகி ஜிக்ஸர் எஸ்.எஃப். போன்ற வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சாதாரண பைக்கில் இன்ஜினும் சாசியும் கண்ணுக்கு நேரே தெரியும். இவற்றிலோ, பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரச்சாமான் வாங்கிப் பழகியவர்கள் மேலே அடித்த பாலிஷைப் பார்க்காமல் மேசையைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் இங்கேயும் வேண்டும்.

விற்பனைக்கு வரும் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் மூன்று கதைகளில் ஒன்றோ இரண்டோ இருக்கும்: வண்டி விழுந்திருக்கும், அல்லது இரக்கமில்லாமல் விரட்டப்பட்டிருக்கும், அல்லது ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றிருக்கும். முதல் இரண்டும் எந்த ஊரிலும் உண்டு. மூன்றாவது கதை செட்டிநாட்டில் கூடுதலாகவே கேட்கும். பையன் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ போய்விட, வண்டி பெரிய வீட்டின் பின்கட்டில் துணி மூடி நிற்கும். ஒரே அறிகுறி மூன்று கதைகளிலும் வெவ்வேறு பொருள் தரும் என்பதால், கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எந்தக் கதையைச் சந்தேகிக்க வேண்டும், அதை எப்படி உறுதிசெய்துகொள்வது, பேரம் பேசலாமா அல்லது எழுந்து வந்துவிட வேண்டுமா என்ற வரிசையில் சொல்கிறேன்.

பார்க்கப் போவது காலை வெளிச்சத்தில் இருக்கட்டும். கையில் ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர், வெள்ளைத் துணித்துண்டு ஒன்று, தலைக்கவசம், ஓட்டுநர் உரிமம் ஆகியவை போதும். வண்டிக்கு நடப்பில் இன்சூரன்ஸ் இல்லையென்றால் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால்

வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன், இன்ஜின் பக்க மூடியருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டுப் போயும் இன்ஜின் கதகதப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வெளிப்படும் ஏதோ ஒன்றை மறைக்கவே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. காலையில் கடைக்குப் போய்வந்த வண்டியாகவும் இருக்கலாம். அதைப் பற்றி வாதிடாமல், மறுநாள் விடியற்காலையில் வருவதாகவும் அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். நேர்மையான உரிமையாளர் இதற்குத் தடை சொல்லமாட்டார். டைமிங் செயின் சத்தம், வால்வு ஆயில் சீல் தேய்ந்த புகை, பேட்டரியின் தளர்ச்சி ஆகிய மூன்றும் முதல் ஸ்டார்ட்டில்தான் ஒளிவுமறைவின்றித் தெரியும்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

முதலில் சாவியைத் திருப்பிவிட்டு, செல்ஃப் பொத்தானை அழுத்தாமல் காதைத் தீட்டிக் கேளுங்கள். எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வண்டி) பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி மெல்ல ஒலித்து நிற்க வேண்டும். அந்த ஒலி இல்லையென்றால் கில் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, கடைசியில் பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஒலி வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால், பெரும்பாலும் இது நின்ற வண்டியின் கதை.

நின்ற வண்டியைச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் வட்டாரத்தில் யாரும் ஏமாற்றாமலேயே நாம் ஏமாறும் இடம் இதுதான். ‘தம்பி, பேரன் வாங்கி ஒரு வருசந்தான் ஓட்டுனான், அப்புறம் வெளிநாடு போயிட்டான், துணி போட்டுப் பொத்தித்தான் வச்சிருக்கோம்’ என்று ஆச்சி சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கும். மீட்டரும் குறைந்த கிலோமீட்டர்தான் காட்டும். வண்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் டேங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோலின் காரமான வாசனைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் போன்ற புளித்த நெடி அடித்தால், உள்ளே இருப்பது கெட்டுப்போன எரிபொருள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி டேங்குடன் நின்ற வண்டியில் மேல்பாதிச் சுவரில் துரு பிடிக்கும். டார்ச்சை உள்ளே அடித்து, மூடிக்கு அருகிலுள்ள சுவரையும் ஓர மடிப்பையும் பாருங்கள். செம்பழுப்பாகச் செதில் தெரிந்தால், டேங்க் சுத்தம், பம்ப், இன்ஜெக்டர் ஆகிய மூன்று வேலைகளையும் விலையிலிருந்து கழித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்தது எலி. சீட்டைக் கழற்றி அடியிலுள்ள ஒயரிங்கையும், முடிந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நெல் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் நின்ற வண்டியானால், ஃபில்டரின் மேல் சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சும் உமியும் சேர்த்துக் கட்டிய கூடு ஒன்று இருக்கும். அதற்குக் கீழே ஒயரின் மேலுறை உரிந்து செம்புக்கம்பி பளிச்சென்று தெரியும். ஒற்றை ஒயர் என்றால் ஒட்டுப்போடலாம். ஒயரிங் கட்டு முழுவதும் ஆங்காங்கே கடிபட்டிருந்தால், பிறகு மழை நாளில் ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும். முழு ஒயரிங் செட்டின் விலையை விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

மூன்றாவதாக டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் ஆழமாக இருந்தாலும், ஐந்தாறு ஆண்டு கடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாது. பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருக்கும். சாய்த்து வளைவதற்கென்றே வாங்கும் வண்டியில் இதை வைத்து ஓட்டக்கூடாது. ஆக, டயர் இரண்டு, பேட்டரி ஒன்று, பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், எரிபொருள் வேலை என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், குறைந்த கிலோமீட்டருக்காக அதிகம் கேட்கும் விலை நியாயமாக இருக்காது. ஒரே விலைக்கு நின்ற வண்டியும், அன்றாடம் வேலைக்குப் போய்வந்து ஒழுங்காக சர்வீஸ் ஆன வண்டியும் கிடைத்தால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சைலன்சரில் புகை வந்தால்

புகையின் நிறத்தைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி நீலப்புகை வந்து மறைந்தாலும், வேகமாக ஓட்டி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது ஒரு கொத்து நீலப்புகை வந்தாலும், வால்வு ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றும் வேலை என்றாலும் சமாளிக்கக்கூடியது. முறுக்கும்போதெல்லாம் தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. இதை உறுதிசெய்ய, சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைச் சிறிது தூரத்தில் பிடித்து, ஒருவரை ஆக்சிலேட்டரைச் சற்று ஏற்றச் சொல்லுங்கள். கறுப்புக் கரி உலர்ந்த பொடியாகப் படிந்தால் எரிபொருள் அதிகமாகச் செல்கிறது. பிசுபிசுப்பான புள்ளிகளாகப் படிந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜினிலிருந்து ஏர் பெட்டிக்குப் போகும் பிரீதர் குழாயில் ஆயில் தேங்கியிருப்பதும் ரிங் தேய்ந்ததற்குத் துணைச்சாட்சி.

இந்த இடத்தில் ஆர்15 வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் சிலிண்டர் டயசில் எனப்படும் அலுமினியம்-சிலிக்கன் வார்ப்பு. உள்ளே வார்ப்பிரும்பு லைனர் கிடையாது. பழைய வண்டிகளுக்குச் செய்வதுபோல லேத்தில் கொடுத்து போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம் என்று விற்பவர் ஆறுதல் சொன்னால் அதை நம்பி விலை பேசாதீர்கள். பிளாக்கையே மாற்றும் செலவைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைப்புகை என்றால், மார்கழிக் காலையில் சிறிது நேரம் வந்து மறையும் நீராவி இயல்பானது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் எரிகிறது என்று சந்தேகித்து, அடுத்த பகுதியில் உள்ள சோதனைகளைச் செய்ய வேண்டும்.

வண்டி கொதிக்கிறது, அல்லது கூலன்ட் குறைகிறது

மேலே சொன்னவற்றில் ஜிக்ஸர் 155 காற்றால் குளிர்வது. மற்றவை ரேடியேட்டர் வண்டிகள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே பச்சையோ நீலமோ இளஞ்சிவப்போ, ஏதாவது ஒரு நிறத்தில் தெளிவாகக் கூலன்ட் தெரிய வேண்டும். வெறும் தண்ணீரோ, துருக்கலங்கலோ தெரிந்தால், யாரோ குழாய்த்தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். காரைக்குடிக்கே பெருமையான சம்பை ஊற்றுத் தண்ணீரானாலும் ரேடியேட்டருக்கு ஆகாது. தாது உப்புகள் குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும், துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் இல்லை. போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காபியில் பால் கலந்தது போன்ற நிறத்தில் கூழ் தெரிந்தால் கூலன்டும் ஆயிலும் கலந்துவிட்டன. ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்புறத்தையும் பாருங்கள். இரண்டிலும் அந்தக் கூழ் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டோ வாட்டர் பம்ப் சீலோ போயிருக்கிறது. வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேயத் தொடங்கியதும் அதன் வழியாகச் சொட்டு விழுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி வெளிறிய உப்புக்கோடு காய்ந்திருந்தால் சீல் வேலை காத்திருக்கிறது. யாராவது அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கசிவு இப்போது உள்நோக்கிப் போய் ஆயிலில் கலக்கும்.

நிற்க வைத்து ஓடவிட்டு, விசிறி தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம், பொறுமை வேண்டும். சித்திரை வெயிலில் விசிறி ஓடாத வண்டி பெரியார் சிலைச் சந்திப்பைத் தாண்டுவதற்குள் வெப்ப அளவை மேலே ஏற்றிவிடும். விசிறி எப்போதும் சுற்றும்படி தனி சுவிட்ச் வைத்து இணைத்திருந்தால், சென்சரோ ரிலேயோ பழுதாகி, குறுக்குவழி தேடியிருக்கிறார்கள்.

இன்ஜினில் கரகரப்பும் தட்டும் சத்தமும்

ஸ்டார்ட் ஆன முதல் சில நொடி இடது அல்லது வலது பக்கத்திலிருந்து செயின் உரசுவது போன்ற சலசலப்பு வந்து அடங்கினால் கவலையில்லை. அது அடங்காமல், ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் கூடினால் டைமிங் செயினும் டென்ஷனரும் மாற்ற வேண்டும். தையல் மிஷின் போலச் சீராக வரும் மெல்லிய டிக்-டிக் டேப்பெட் சத்தம், சரிசெய்துகொள்ளலாம். செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் கர்ரென்று அரைபடும் ஒலி வந்தால் செல்ஃபின் ஒன்வே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அடியிலிருந்து கனமாக, லோடு ஏறும்போது கூடும் டொக்-டொக் சத்தம் கனெக்டிங் ராடும் பேரிங்கும். அதற்கு மேல் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை, வந்துவிடலாம்.

நேர்ச்சாலையில் ஒரு பக்கமாக இழுக்கிறது

விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்கும் இடம் இது. கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராகவும் அகலமாகவும் இருப்பதால் இச்சோதனைக்கு வாகானவை. ஆள் நடமாட்டம் இல்லாத காலைநேரத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், கைகளை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்கள். வண்டி நேர்கோட்டில் போக வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், அல்லது நேராகப் போகும்போது ஹேண்டிலின் ஒரு பக்கம் முன்தள்ளி நின்றால், காரணம் எளியதிலிருந்து கடினத்துக்கு இப்படிப் போகும்: டயரில் காற்று அல்லது ஒருபக்கத் தேய்மானம், பின்சக்கரத்தின் செயின் அட்ஜஸ்டர் இருபுறமும் ஒரே குறியில் இல்லாமை, ஃபோர்க் கவ்விக்குள் சற்றே முறுகியிருத்தல், ஃபோர்க் குழாய் வளைந்திருத்தல், சாசி வளைந்திருத்தல்.

முதல் இரண்டும் அங்கேயே சரிபார்க்கக் கூடியவை. மற்ற மூன்றையும் பிரித்தறிய, ஹேண்டிலை இடதும் வலதும் முழுவதாகத் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தில் சாசியிலுள்ள சிறிய முட்டுத்தடுப்பைப் பாருங்கள். டார்ச் இல்லாமல் இது தெரியாது. எத்தனை புதிய ஃபேரிங் மாட்டினாலும், எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும், யாரும் கண்டுகொள்ளாத இடம் இது. வண்டி வேகத்தில் விழுந்து ஹேண்டில் பலமாகத் திரும்பியிருந்தால் அந்தத் தடுப்பு நசுங்கியோ, பெயின்ட் வெடித்து உள்ளிரும்பு தெரிந்தோ, உடைந்து மறுபடி வெல்டிங் வைத்தோ இருக்கும். லேசான தேய்ப்புத்தடம் எல்லா வண்டியிலும் உண்டு. குழி விழுந்திருந்தால் முன்புறம் பலமாக அடிபட்டிருக்கிறது. பிறகு ஹேண்டில் கழுத்துப்பகுதியில் சாசியின் ஒட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீரான அலையாக இருக்கும். பட்டறை வெல்டிங் மேடுபள்ளமாகவும் பெயின்ட் தடிப்பாகவும் இருக்கும். அங்கே வெல்டிங் தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

சாசி நல்லபடி இருந்து ஃபோர்க் மட்டும் வளைந்திருந்தால் பேரத்துக்கு இடமுண்டு. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒற்றை விரலால் மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது போலத் தட்டினால் கோன்செட் (ஹேண்டில் கழுத்திலுள்ள பேரிங்) போய்விட்டது. இது விழாத வண்டியிலும் வரும், மாற்றுவதும் எளிது. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயை நம் ஊர் மண்ணே காட்டிக்கொடுக்கும்: ஆயில் சீல் கசிந்தால், குழாயில் சீல் ஏறி இறங்கும் உயரத்தில் செம்மண் தூசி ஒட்டி, வளையல் போலச் சிவப்புக்கோடு விழுந்திருக்கும். முன்தினம் துடைத்து வைத்திருந்தாலும், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்துமுறை அழுத்தி விட்டு, வெள்ளைத் துணியால் குழாயைச் சுற்றித் துடைத்தால் கறை வரும்.

ஃபேரிங் வண்டியைவிடப் புதிதாக இருந்தால்

ஏழெட்டு ஆண்டு ஓடிய வண்டியில் ஸ்டிக்கர் முதல் நாள் போல மின்னுவது நல்ல செய்தியாக இராது. நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்ததற்கும் ஃபேரிங் மாற்றுவார்கள். சாலையில் உருண்டதற்கும் மாற்றுவார்கள். வேறுபாட்டை ஃபேரிங் சொல்லாது, அதைச் சுற்றியுள்ள சில்லறைப் பொருள்கள் சொல்லும். ஹேண்டில் முனைக்குண்டு, லீவர் நுனி, கால்வைக்கும் பெக்கின் நுனி, சைலன்சர், இன்ஜின் பக்க மூடி ஆகியவற்றில் ஒரே பக்கத்தில் உராய்வு இருந்து, அதன் கோடுகள் நீளவாக்கில் போனால் ஓடும்போது விழுந்தது. புள்ளியாகக் குழி மட்டும் இருந்தால் நின்று விழுந்தது. உள்பக்கத்தில் பிளாஸ்டிக் காதுகள் உடைந்து பசை போட்டிருந்தாலும், நான்கு வகைத் திருகாணிகள் கலந்து போட்டிருந்தாலும், ஃபேரிங் பலமுறை கழன்றிருக்கிறது.

ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கடைசி கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்குங்கள். வேகமும் ஆர்.பி.எம்.மும் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) சேர்ந்தே மெதுவாக ஏற வேண்டும். ஆர்.பி.எம். மட்டும் தாவினால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கிளட்ச் கேபிளில் சிறிதும் தளர்வு இல்லாமல் இறுக்கிக் கட்டியிருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் அதைத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வழுக்கினால் பிளேட் செட் மாற்ற வேண்டும். கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு முடித்து விற்றுவிட்டுப் போகும் வண்டிகளில் இது அடிக்கடி தென்படுகிறது. பட்டமளிப்புக் காலத்தில் விலை இறங்குவது உண்மைதான், கிளட்ச்சையும் செயினையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கியரில் இழுக்கும்போது கியர் தானாக விடுபட்டு நியூட்ரலுக்குப் போனால் கியர்ப்பல் மழுங்கியிருக்கிறது. இதைச் சரிசெய்ய இன்ஜினையே பிளக்க வேண்டும். செயினைப் பொறுத்தவரை, பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்க நடுவில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு எழும்பினால் செட்டாக மாற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கினாலும் அதே முடிவுதான். செயினை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்றால் ஏற்காதீர்கள், பழைய பல் புதுச் செயினை விரைவில் தின்றுவிடும்.

பிரேக் பிடித்தால் லீவர் அதிர்கிறது

டிஸ்க் வளைந்திருக்கலாம். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். ஓரத்தில் நகம் மாட்டும் அளவு விளிம்பு எழும்பியிருந்தால் அளந்து பாருங்கள். லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் காற்றோ பழைய பிரேக் ஆயிலோ காரணம், அது சிறிய வேலை.

மீட்டரில் எரிய வேண்டியது எரியவில்லை

எரியும் விளக்கைவிட எரியாத விளக்கு ஆபத்தானது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் ஒருமுறை எரிய வேண்டும். முதலாவது இன்ஜின் ஓடத் தொடங்கியதும், இரண்டாவது வண்டி சற்று நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு இருக்கிறது. அதைக் கருவியில் இணைத்துப் படிக்கலாம். முதலிலேயே எரியவில்லையென்றால் கோளாறை மறைக்க விளக்கையே துண்டித்திருக்க வாய்ப்புண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதால், அதற்குப் பின் வந்த வண்டியில் அந்த விளக்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தால், இரவெல்லாம் நின்ற பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இன்ஜினை 4,000 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றினால் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏற்றியும் 13-ஐத் தொடவில்லையென்றால் காயிலோ ரெகுலேட்டரோ பழுது; 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அதே நிலையில் ஓட்டினால் பேட்டரியும் மற்ற மின்பொருள்களும் சேர்ந்து போகும். புதுப் பேட்டரி போட்டுத் தந்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும் வண்டியில் இச்சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

சைலன்சர் மாற்றிய வண்டியானால், பழைய சைலன்சர் வீட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளின் அசல் சைலன்சருக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருப்பதால் அது விலை உயர்ந்தது. ஆக்சிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிப்பது இளைஞர்களுக்கு இன்பமாக இருந்தாலும், புகைச் சான்று எடுக்கும்போதும் காவலர் நிறுத்தும்போதும் செலவு உங்களுடையது.

கிலோமீட்டர் குறைவு, தேய்மானம் அதிகம்

மீட்டர் 14,000 என்று காட்டுகிறது, ஆனால் கால்பெக்கின் ரப்பர் வழவழவென்று ஆகி, ஹேண்டில் பிடியின் கோடுகள் அழிந்து, டிஸ்க்கில் விளிம்பு எழும்பி, சாவித்துளையைச் சுற்றிப் பெயின்ட் போய் இருந்தால், இரண்டில் ஒன்றுதான் உண்மை. மீட்டரை மாற்றியிருக்கலாம். சர்வீஸ் புத்தகமும் பில்களும் கேளுங்கள். பழைய சர்வீஸ் பில்லில் அன்றைய கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள், அதைப் பின்னோக்கிச் சரிபார்க்கலாம்.

தாள்களில் தெரியும் அறிகுறிகள்

வண்டி நன்றாக இருந்து தாள்கள் கெட்டிருந்தால் அதைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. சாசி எண் ஹேண்டில் கழுத்துப் பகுதியிலும், இன்ஜின் எண் இன்ஜின் உடம்பிலும் பொறித்திருக்கும், இரண்டையும் ஆர்.சி.யுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ, ராவிய தடம் இருந்தாலோ உடனே விலகுங்கள். எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் நிலை போன்றவை தெரியும். நிலுவை அபராதங்களை இ-செலான் தளத்தில் பார்க்கலாம்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் கட்டிமுடித்துவிட்டோம் என்ற வாய்வார்த்தை போதாது, நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே முழுத்தொகையைக் கொடுங்கள். பதிவு எண் டி.என். 63 என்றால் நம் சிவகங்கை மாவட்டம், டி.என். 55 என்றால் புதுக்கோட்டை. பெங்களூரில் வேலை பார்த்தவரின் கர்நாடக வண்டியோ புதுச்சேரி வண்டியோ ஆனால் அங்கிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று வாங்கவும், இங்கே வரி கட்டவும் வேண்டும். மலிவாகத் தோன்றும் விலையில் இவ்விரண்டையும் கூட்டிப் பாருங்கள். முதல் ஆர்15 இந்தியாவுக்கு வந்தது 2008-இல். தனிவாகனப் பதிவு 15 ஆண்டுக்குத்தான் என்பதால் அக்காலத்து வண்டிகள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயர்மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம் வேண்டும், இரண்டிலும் ஆர்.சி.யில் பெயருள்ளவரின் கையெழுத்து இருக்க வேண்டும். நின்ற வண்டியின் கதை இங்கே மறுபடி குறுக்கிடும். உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்க, ‘நானே அவன் கையெழுத்தைப் போட்டுத் தந்துடறேன், யாரு பார்க்கப் போறா’ என்று வீட்டார் வெள்ளை மனத்தோடு சொல்வார்கள். அது போலிக் கையெழுத்து, ஏற்கக் கூடாது. அவர் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்வரை சிறு முன்பணத்தோடு நிறுத்திவையுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால், முதலில் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாறி, அதன்பிறகுதான் உங்கள் பெயருக்கு வர முடியும்.

விற்பவர் ஒரே மாநிலத்துக்குள் 14 நாளிலும், வாங்குபவர் 30 நாளிலும் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவும் 14 நாள்தான். வண்டியை எடுக்கும் நாளில், கைமாறிய தேதியையும் மணியையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் அவர் சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் அடுத்த வாரம் செல்போனுக்கு வரும்போது, யார் கட்டுவது என்பதற்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.